பறக்க ஒன்றரை மணி... ஏர்போர்ட் போய்ச் சேர?

புதியம்புத்தூர்: தூத்துக்குடியில் இருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆகாய வழி 530 கிலோ மீட்டர் அளவு. ரெயிலில் 650 கிலோ மீட்டர். முத்துநகர் எக்ஸ்பிரசில் ஒரு ராத்திரி முழுக்கப் போகணும்.

வாகைகுளத்தில் 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தாச்சு. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகிவிட்டது. சந்தோஷம்!

ஆனால் நம்ம ஊர் ரெடிமேட் வியாபாரி கணக்கு வேறு. விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். பஸ் மாறிப் போய், அது பிந்தினால் டிக்கெட் காசு போச்சு! கார் பிடித்தால் கைக்காசு கரைஞ்சு போச்சு!

‘பிளேனில் போறவனுக்கு பஸ் எதுக்கு?’ என்று கேட்கலாம். ஒரு நாள் கடை மூடினால் நஷ்டம் என்றுதானய்யா சின்ன வியாபாரி பிளேன் ஏறுகிறான்!

மீனம்பாக்கத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ ரெயில். ஜவுளிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டைக்கு நேரே கொண்டுபோய் விடுகிறது. அங்கே இருக்கிற வசதி இங்கே வேண்டாமா?

நாங்க மெட்ரோ கேட்கவில்லை. விமான நேரம் பார்த்து, புதியம்புத்தூரில் இருந்து வாகைகுளத்துக்கு நேரடி பஸ் நாலு நடை விட்டால் போதும். அதிகாரிகள் கவனிப்பார்களா?