பட்டா இல்லாதவர்கள் எந்தக் கணக்கு?

பரந்தூர் விமான நிலையம் பற்றிப் பேச்செடுத்தாலே தோழர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" காஞ்சிபுரத்துக்காரன், நிலவுரிமை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் கேட்கிறார்கள். ஆனால் எனக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. இழப்பீட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கும்?

ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். எடுக்கப்போவது ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏரிகளும் நஞ்சையும் அதில் அடக்கம். போராட்டம் நியாயமானது. ஆனால் அந்தப் பக்கம் களப்பணிக்குப் போனபோது, நடவு முடித்துக் கரையேறிய ஒரு அம்மா சொன்னது வேறு கதை: "நெலம் இருக்கறவங்களுக்குத் துட்டு வரும் தம்பி. எங்களுக்கு ஏது? வேலதான் போவும்."

அவருக்கு ஏன் நிலமில்லை? காஞ்சிபுரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் மக்கள் நிலமற்றவர்களாகவே வைக்கப்பட்டிருப்பதை அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு அந்த நிலத்தை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் கை மாறிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்ட 1994 காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதுவும் இதே செங்கல்பட்டுச் சீமைதான்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. யார் யாருக்குப் பாதிப்பு என்று முன்கூட்டியே எண்ணச் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. பரந்தூரில் நிலம் எடுப்பதோ தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்தின்கீழ். அதில் அந்த மதிப்பீடு இல்லை. இப்படி மாநிலச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது செல்லாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. எண்ணாமலே எடுக்கலாம் என்றாகிவிட்டது.

"கிராமம் சாதியின் கோட்டை, அது போனால் நமக்கென்ன?" என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கருக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை, எனக்கும் இல்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். அணையும் மின்சாரமும் அவருக்கு எதிரியல்ல. ஆனால் ஊர் போனால் சாதியும் கூடவே போய்விடுமா? பட்டா வைத்திருந்தவர் இழப்பீட்டை வாங்கி நகரத்தில் வீடு கட்டுவார். கூலிக்குப் போனவர் அதே வீட்டுக்குச் சித்தாளாகப் போவார். (காஞ்சிப் பட்டிலும் இதே கணக்குதான்: பெயர் கடைக்கு, கூலி நெய்தவருக்கு.)

வேலைவாய்ப்பு பெருகும் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் மூடியதைப் பார்த்த மாவட்டம் இது. ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்றும் சொல்கிறார்கள். கென்யாவில் சீனக் கடனில் போட்ட மொம்பாசா–நைரோபி ரயில் 2017 முதல் ஓடுகிறது. பார்க்கலாம். கூடவே வால்டர் ரோட்னி 1972இலேயே எழுதியதையும் படிக்கலாம்: காலனிய ஆப்பிரிக்காவின் சாலைகளும் தண்டவாளங்களும் ஊர்களை இணைக்கவில்லை, விளைச்சலையும் கனிமத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோயின. பாதை யாருக்காக என்பதுதான் அங்கும் கேள்வி.

விமான நிலையம் வருகிறதோ இல்லையோ, இரண்டு காரியம் இப்போதே நடக்க வேண்டும். திட்டப் பகுதியிலுள்ள ஒவ்வொரு ஊரின் 'அ' பதிவேட்டையும் 1892க்குப் பிந்தைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, பஞ்சமி நிலம் இருந்தால் சர்வே எண்ணோடு வெளியிட வேண்டும். அந்த நிலத்துக்கான இழப்பீடு இன்றைய பட்டாதாரருக்குப் போகக்கூடாது. கூலிக் குடும்பங்களைச் சேரி சேரியாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். இதற்கான தகவல் உரிமை மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள், வார இறுதியில் ஊருக்கு வர முடிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். அந்த அம்மாவின் தெருவிலிருந்து தொடங்குகிறோம்.