அமைதிக்கு வேலி எதற்கு?

அண்மைக்காலமாக நம்மிடையே ஒரு புதிய நோன்பு பரவி வருகிறது. தவக்காலத்தில் புலால் மறுப்பதுபோல் இது செய்தி மறுக்கும் நோன்பு. "நாளேடு வாங்குவதை நிறுத்திவிட்டேன், தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பதில்லை, மனம் நிம்மதியாக இருக்கிறது" என்று சொல்வோர் பெருகியுள்ளனர். அதைக் கேட்போரும் ஏதோ முனிவரைக் கண்டதுபோல் தலையசைக்கின்றனர்.

இந்நோன்புக்குத் தலைநகரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், இரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் சொல்லலாம். உலகைக் கண்டு களைத்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கு வந்து அறை எடுத்துத் தங்குகின்றனர். பணி ஓய்வு பெற்ற நம்மவர்கள் வீடு கட்டிக் குடியேறுகின்றனர். காலையில் ஆசிரமத்தில் தியானம், பிறகு மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர், மாலையில் மலையைப் பார்த்தபடி ஒரு நடை, இரவில் இசையோ புத்தகமோ. அழகான வாழ்க்கைதான். தோட்டம் போடுவதையும் வீணை வாசிப்பதையும் குறைகூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. போர் நடக்கிறது என்பதற்காகச் செடிகளை வாடவிடுவதால் எவருக்கும் நன்மை இல்லை. அந்த வீட்டு வாசலில் போடப்பட்டிருக்கும் வேலியைப் பற்றித்தான் பேச்சு. உலகத்தின் அழுகுரல் உள்ளே வராதிருப்பதே அமைதிக்கு நிபந்தனை என்று கொள்வதும், அதற்கு ஆன்மிகம் என்று பெயரிடுவதும் பொய்.

இப்படி வாழ்வோர் துணைக்கு அழைப்பது இரமண மகரிஷியை. உலகைத் திருத்தப் புறப்படுமுன் உன்னை அறிந்துகொள் என்று, கேட்டவர்களுக்கெல்லாம் அவர் விடையிறுத்தது உண்மை. ஆனால், அவர் வாழ்ந்த விதம் என்ன? 1896-இல் பதினாறு வயதில் இம்மலைக்கு வந்தவர் 1950-இல் மறையும்வரை இதை விட்டு நீங்கவில்லை. எனினும் நாளேடுகள் அவரிடம் வந்தன; அவர் படித்தார். ஆசிரமத்தில் வானொலி ஒலித்தது, அவர் கேட்டார். ஆண்டுக்கணக்கில் விடியுமுன் எழுந்து சமையலறையில் காய்கறி நறுக்கினார். காந்தியடிகள் சுடப்பட்ட செய்தி 1948 ஜனவரி 30 மாலை ஆசிரமத்தை எட்டியபோது அவர் துயருற்றதைச் சூரி நாகம்மா தம் கடிதங்களில் பதிவு செய்திருக்கிறார். வானொலியை அணைத்துவிடுங்கள், தியானம் கலைகிறது என்று அவர் சொல்லவில்லை. அவரது மௌனத்துக்குச் செவி இருந்தது. அவர் பெயரைச் சொல்லிச் செவியை அடைத்துக்கொள்பவர்கள் அவரைப் பின்பற்றவில்லை. அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

அதே ஆசிரமத்தின் அருகே நடந்த மற்றொன்றும் நினைவுகூரத் தக்கது. ஆர்தர் ஆஸ்பர்ன் என்னும் ஆங்கிலேயர் பாங்காக்கிலுள்ள சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1941-இல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டுத் தனியே வேலைக்குத் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் சயாமுக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்து 1945-இல்தான் விடுதலை. அந்த ஆண்டுகளில் இவ்வூரில் அவர் மனைவி லூசியா பிள்ளைகளை வளர்த்தார். தந்தை நலமாகத் திரும்பி வரவேண்டும் என்று பிள்ளை மகரிஷியிடம் வேண்டிக்கொண்டது. (அப்பிள்ளைகளுள் ஒருவரான ஆடம் ஆஸ்பர்ன், பின்னாளில், 1981-இல், தூக்கிச் செல்லத்தக்க கணினி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றது தனிக்கதை.) அந்தக் குடும்பத்தை நோக்கி எவரேனும், "அம்மா, போர்ச் செய்தியெல்லாம் எதற்கு? மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லியிருக்க முடியுமா? உலகச் செய்தி என்று நாம் அலுத்துக்கொள்வது ஏதோ ஒரு வீட்டில் அப்பாவைப் பற்றிய செய்தியாக இருக்கிறது. மணிப்பூரில் 2023 மே மாதத்தில் எரிந்த ஆலயங்கள் எவருடைய திருமண ஆலயங்களோ. இலங்கையில் 2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டு வெடித்தபோது சிதறியவை, நாம் உட்காருவது போன்ற அதே மர இருக்கைகள்.

தொலைவிலுள்ளதை விட்டுவிடுவோம், அருகிலுள்ளதைப் பார்த்துக்கொள்வோம் என்பர் சிலர். அருகில் என்றால் எவ்வளவு அருகில்? 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், இதே அண்ணாமலையின் சரிவில் வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். ஒரே மலை. ஒரு பக்கத்து அடிவாரத்தில் அமைதி தேடுவோர். மறுபக்கத்தில் மண்ணுக்கடியில் பிள்ளைகள். அந்தச் சேதியும் பெரும்பாலோரைச் செய்தியாகத்தான் எட்டியது. கதவை அடைத்தவன் தொலைவிலுள்ளதற்கு மட்டும் கதவை அடைக்க இயலாது.

இங்கே நற்செய்தி என்ன சொல்கிறது? லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிலர் இயேசுவிடம் அன்றைய அரசியல் செய்தி ஒன்றைக் கொண்டுவருகின்றனர்: பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தி. அவர் முகம் திருப்பவில்லை. மாறாக, தாமே இன்னொரு செய்தியை எடுத்துச் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப்பேர் மாண்ட விபத்து. எண்ணிக்கை உட்பட அவருக்குத் தெரிந்திருக்கிறது! பின்பு, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ண வேண்டாம் என்று தடுத்து, கேட்டவர்களையே மனம் மாறச் சொல்கிறார். மலைச்சரிவில் மாண்டவர்களைப் பற்றி, "அங்கே யார் வீடு கட்டச் சொன்னார்கள்?" என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்த நம் நாவுகளுக்கும் அதே பதில்தான். வேறு இடம் வாங்க வசதியுள்ள எவன் பாறைக்குக் கீழே குடியிருப்பான்?

ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாச அறிக்கையிலேயே ஓர் உரோமை ஆளுநரின் பெயர் நிற்கிறது. மீட்பின் மறைபொருளைச் சொல்லும் இடத்தில் அந்த அதிகாரிக்கு என்ன வேலை? நம் ஆண்டவர் தேதியும் இடமும் ஆட்சியாளரும் உள்ள உலகில் கொல்லப்பட்டார் என்பதைத் திருச்சபை மறக்க மறுக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டை, மக்களின் மகிழ்ச்சியையும் துயரையும் தன்னுடையவையாக ஏற்றுக்கொண்டு தொடங்கியதும் இவ்வழியில்தான்.

அப்படியானால் கைப்பேசியை ஏந்தி நாள் முழுதும் இடிபாடுகளையும் பிணங்களையும் பார்த்துக்கொண்டிருப்பவன் நல்ல கிறிஸ்தவனா? அவனும் இல்லை. காசாவைப் பார்த்து 'உச்' கொட்டிவிட்டு, விரலால் தள்ளி, அடுத்த நொடியில் சமையல் குறிப்புக்குத் தாவுகிறவனுக்குச் செய்தி ஒரு கேளிக்கை. ஒருவன் பார்க்க மறுக்கிறான்; மற்றவன் பார்த்துப் பார்த்தே மரத்துப்போகிறான். இருவரிடமும் எந்த மனிதனுடைய பெயரும் இல்லை.

வேறு வழி உண்டா என்பவர்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு வழியைக் காட்டிச் சென்றார். 2023 அக்டோபரில் போர் மூண்டது முதல், காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்கு ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசினார். ஏறக்குறைய 500 பேர் அடைக்கலம் புகுந்திருந்த இடம் அது. எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்பவை போன்ற கேள்விகள். 2025 தொடக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் அழைத்தார். கடைசி அழைப்பு ஏப்ரல் 19-இல், 21-இல் இறந்தார். அவர் பேசியதால் போர் நிற்கவில்லை; 2025 ஜூலை 17 அன்று அந்த ஆலயமே தாக்கப்பட்டு மூவர் உயிரிழந்தனர். "நாம் அறிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும். அவர்கள் அந்த ஆலயத்துக்குள் மாலைதோறும் தொலைபேசி மணிக்காகக் காத்திருந்தவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

நம் பங்குகளில் திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டு எப்படி நடக்கிறது? அச்சிட்ட நூலிலிருந்து ஒருவர் வாசிக்கிறார்: உலக சமாதானத்திற்காக, துன்புறும் அனைவருக்காக. அனைவருக்காக மன்றாடுவது எளிது. அதில் எவருடைய முகமும் தெரிவதில்லை. வாரம் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நடந்தது இன்னது என்று இரு வரிகளில் அறிவித்து மன்றாடினால் என்ன? சிறப்புக் காணிக்கை எடுத்தால் அதை அவ்வூருக்கு அனுப்பினால் என்ன? நேரமில்லை என்று பங்குப்பேரவையினர் சொல்வார்கள். திருவிழாத் தேர் ஏலத்துக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்கும் பீடத்திலிருந்து பத்து நிமிடம் அறிவிப்பு வாசிக்கிற பங்குகளை நாம் அறிவோம். அதில் இரண்டு நிமிடத்தை அவர்கள் கொடுக்கட்டும்.