அணுப்போர் நாடகங்களும் அஞ்ச மறந்த நெஞ்சங்களும்

விளக்கு வைக்கும் வேளையில் வீட்டில் சாவைப் பற்றிப் பேசலாகாது என்பது நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஊரை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த பின்னரும் இவ்வழக்கத்தை நாம் கைவிட்டோமில்லை. நல்ல வழக்கந்தான். ஆனால் அதனையே காரணமாகக் காட்டி, அணுப்போரைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்களைப் பார்ப்பது தீது, மனத்தைக் கெடுப்பது, குடும்பத்தின் உறக்கத்தைக் குலைப்பது என்று சொல்வோர் நம்மிடையே பலர் உளர். கற்றவர்களும் அவருள் அடங்குவர். “பார்த்து என்ன பயன்? இரண்டு நாள் சோறு இறங்காது, அவ்வளவுதான்” என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் மறுக்கின்றோம். இரண்டு நாள் சோறு இறங்காமற் போவதே அந்நாடகங்களின் பயன் என்பது நம் கட்சி.

அமெரிக்க நாட்டின் ஏ.பி.சி. நிறுவனம் 1983-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ‘தி டே ஆஃப்டர்’ என்னும் நாடகத்தை ஒளிபரப்பியது. இயக்கியவர் நிக்கலஸ் மேயர். ஏறத்தாழப் பத்துக் கோடி மக்கள் அன்றிரவு அதனைப் பார்த்தனர். அந்நாட்டின் நடுப்பகுதியில், உழவர்களின் விளைநிலங்களுக்கு இடையே, மண்ணுக்கடியில் ஏவுகணைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காலம் அது. நாடகத்தில் ஒருநாள் அவை புகை கக்கி மேலெழுகின்றன. கீழே நிற்போர் அண்ணாந்து பார்க்கின்றனர். போன கணைக்கு மறுகணை அரைமணி நேரத்தில் வந்து சேரும் என்பது அவர்களுக்கு மெல்ல விளங்குகிறது. அந்தச் சில நொடிகளில் அவர்கள் முகத்தில் தோன்றும் மாற்றமே நாடகத்தின் உயிர் என்போம். குண்டுகள் விழுந்த காட்சிக்குப் பின் விளம்பரம் ஒன்றேனும் இடையில் வரவில்லை. பெருவணிக நிறுவனங்கள் பல, தம் பெயர் அந்நாடகத்தோடு சேர்ந்து ஒலிப்பதை விரும்பாமல் முன்னரே ஒதுங்கிவிட்டன. எதையும் எங்கும் விற்கத் துணிந்த சோப்பு வணிகரும் அந்த ஓர் இரவு வாயடைத்து நின்றனர் என்றால், அந்நாடகத்தின் ஆற்றலுக்கு வேறு சான்று எதற்கு?

ஒளிபரப்புக்கு முன்பே பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் கையேடுகள் வழங்கப்பட்டன. மனங்கலங்கியோர் அழைத்துப் பேசத் தொலைபேசிகளின் அருகே ஆலோசகர்கள் காத்திருந்தனர். இதனைப் பெருங்கருணை என்று அன்றைய ஏடுகள் பல எழுதின. நமக்கோ இதில் ஒரு கோணல் தென்படுகிறது. கூரையில் பாம்பைக் கண்டு அலறுகிறவனுக்கு மருந்து கொடுத்து அலறலை நிறுத்திவிட்டுப் பாம்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிற வைத்தியனை நாம் என்னவென்று அழைப்போம்? அன்று கலங்கியவர்களின் கலக்கத்தில் பிழை ஏதும் இல்லை. கணைகள் உண்மையாகவே வயல்களுக்கடியில் இருந்தன. அவற்றின்மேல் குடியிருந்து கலங்காதிருந்தவர்களைப் பற்றி எந்த மனநல வல்லுநரும் கவலையுறக் காணோம்.

பார்ப்போர் மனநலம் என்னும் இப்போர்வை பழமையானது. பீட்டர் வாட்கின்ஸ் என்னும் இளைஞர் 1965-இல் பி.பி.சி. நிறுவனத்துக்காக ‘தி வார் கேம்’ என்னும் படத்தை எடுத்தார். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன நேரும் என்பதைச் செய்திப்படம் போலவே காட்டியது அது. ஒளிபரப்பு ஊடகத்துக்கு ஒவ்வாத அளவுக்கு அது கொடுமையாக உள்ளது என்று அறிவித்து நிறுவனம் அதனை முடக்கிவைத்தது. காரணம் அதுமட்டுந்தானா? அன்று அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த நார்மன்புரூக் பிரபு, 1947 முதல் 1962 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையின் செயலாளராக இருந்தவர். இப்படம் ஒளிபரப்பானால் அணுஆயுதக் கொள்கை குறித்த மக்கள் எண்ணம் பெரிதும் பாதிக்கப்படலாம் என்று அவர் அரசுக்கு எழுதினார். உயர் அதிகாரிகள் வந்து படத்தைப் பார்த்துச் சென்றனர். இவையெல்லாம் பின்னாளில் வெளிவந்த ஆவணங்களிலே உள்ளன. திரையரங்குகளில் மட்டும் காட்டப்பட்டு, ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற அப்படம், தொலைக்காட்சியை எட்டியது 1985 ஜூலை 31 அன்று. இருபது ஆண்டுகள் மக்களின் நரம்புகளைக் காத்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் உலகிலுள்ள அணுகுண்டுகளின் தொகை அறுபதாயிரத்தைத் தாண்டிற்று. எவர் எதனைக் காத்தார் என்பதை எண்ணிப் பார்க்க.

இவ்வரிசையில் நம்மைப் பெரிதும் உலுக்கியது, அதே பி.பி.சி. 1984 செப்டம்பர் 23-ஆம் நாள் ஒளிபரப்பிய ‘த்ரெட்ஸ்’. இழைகள் என்பது அதன் பொருள். தென் யார்க்‌ஷயரில் பிறந்த பேரி ஹைன்ஸ் எழுத, மிக் ஜாக்சன் இயக்கியது. ஷெஃபீல்டு என்னும் எஃகு நகரில் ரூத், ஜிம்மி என இரு இளையோர். ரூத் கருவுற்றிருக்கிறாள், திருமணம் பேசியாகிவிட்டது, குடிபுகப் போகும் வீட்டைச் செப்பனிடுகிறார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் எங்கோ ஒரு நெருக்கடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. செவி கொடுப்பார் இல்லை. பிறகு போர் வருகிறது. ஜிம்மியின் பெற்றோர், அரசு வழங்கிய கையேட்டின்படி, கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து மெத்தைகளை அடுக்குகிறார்கள். இது கற்பனை என்று எண்ண வேண்டா; அத்தகைய கையேட்டை பிரிட்டிஷ் அரசு 1980-இல் மெய்யாகவே விற்பனைக்கு வெளியிட்டது. ஜிம்மி, ரூத்தைத் தேடி ஓடுகிறான். அதன் பின் அவனை நாம் காண்பதில்லை. அவன் இறந்தானா, எங்கே, எவ்வாறு என்பதை நாடகம் இறுதிவரை சொல்வதேயில்லை. ரூத் தேடுகிறாள். பின்னர்த் தேடுவதையும் விடுகிறாள். ஆளில்லாத ஒரு தொழுவத்தில், கட்டிய நாய் குரைத்துக்கொண்டிருக்க, துணையின்றித் தானே மகவை ஈன்றெடுக்கிறாள்.

குடும்பத்தை ஓரூரிலும் பிழைப்பை மற்றோரூரிலும் வைத்து வாழும் நமக்கு இப்பகுதி தரும் வேதனை தனி வகையது. நம் வாழ்வே இழைகளால் ஆனது. ஒரு தொடர்வண்டி, ஒரு தொலைபேசி அழைப்பு, மாதந்தோறும் ஊருக்குப் போகும் பணம், பொங்கலுக்கு வரும் அண்ணன் குடும்பம். இவை அறுந்தால் யார் யாரைத் தேடுவது?

அதனினும் கொடியது பின்னே வருகிறது. புகையால் ஞாயிறு மறைந்து, பயிர் பொய்த்து, பத்தாண்டுகள் கழிந்தபின், போருக்குப்பின் பிறந்த பிள்ளைகளைக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு மொழி இல்லை. ஆங்கிலத்தின் நொறுங்கிய துண்டுகள் சிலவற்றை வைத்துக்கொண்டு உறுமுகிறார்கள். உணவுக்கும் வேலைக்கும் அப்பால் பிள்ளைகளோடு பேச எவருக்கும் நேரமோ வலிமையோ இருக்கவில்லை. மொழி தானே போய்விட்டது. தேய்ந்துபோன பழைய பாட ஒளிநாடா ஒன்றை முன்னே ஓடவிட்டு, அப்பிள்ளைகளை அமர்த்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் வெறித்துப் பார்க்கிறார்கள். ஞாயிறுதோறும் சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்தி, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காட்டித் தொண்டை வற்றும் நாம் அக்காட்சியை எளிதில் கடந்துவிட முடியுமா? உலகின் பல பகுதிகளிலும் பேசப்படும் ஆங்கிலத்துக்கே அக்கதி என்றால், பிற மொழிகளின் கதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அச்சம் கோழைமை என்று நினைப்போர்க்கு நம் இலக்கண மரபையே நினைவூட்டலாம். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் பெருமிதத்தைப் போலவே அச்சத்துக்கும் இடம் உண்டு. அச்சம் பிறக்கும் களன்களாக அவர் கண்ட நான்கினுள் வருத்தும் தெய்வமும் விலங்கும் கள்வரும் எளிதில் விளங்குவன. நான்காவது, தம்மை ஆளும் இறை. அணுகுண்டு எவர் கையில் இருக்கிறது என்பதை நோக்கின் அந்நான்காம் களனின் பொருள் இக்காலத்தில் எத்துணை விரிந்துவிட்டது என்பது புலனாகும். வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்திலேயே அச்சத்துக்கு ஓர் இருக்கை அளித்திருப்பதை, மேடைதோறும் குறள் முழங்கும் அன்பர்கள் மறந்துவிட்டது வியப்பே.

மதுரையை எரித்த கண்ணகியும் எவரெவரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கடவுளுக்கு வரையறை சொன்னாள். குழந்தைகளும் முதியோரும் அறநெறியாளரும் அதில் அடக்கம். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்குமுன், பசுக்களுக்கும் பெண்டிர்க்கும் நோயுற்றோர்க்கும் விலகிச் செல்ல அவகாசம் தந்தான் எனப் புறநானூற்றில் நெட்டிமையார் பாராட்டுகிறார். ஷெஃபீல்டு மக்களுக்கு வாய்த்திருக்கக்கூடிய அவகாசம் நான்கு நிமிடம். இதனைப் போர் என்ற பழஞ்சொல்லால் அழைப்பதே அச்சொல்லுக்கு இழுக்கு.

இனி, பயன் என்ன என்னும் வினாவுக்கு வருவோம். ‘தி டே ஆஃப்டர்’ ஒளிபரப்பான உடனே எடுத்த கணிப்புகளில் அமெரிக்க மக்களின் கொள்கைச் சார்பு பெரிதும் மாறக் காணவில்லை. எதிர்வாதிகள் இதனைப் பெரும் படைக்கலமாக ஏந்துவர். ஏந்தட்டும். பத்துக் கோடியருள் ஒருவரின் நிலையை மட்டும் சொல்வோம். அதிபர் ரேகன் அப்படத்தை, ஒளிபரப்புக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பே, அக்டோபரில் பார்த்தார். தம்மை அது மிகவும் மனச்சோர்வுறச் செய்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆயுதங்களைப் பெருக்குவதில் தயங்காதவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவரே 1987 டிசம்பரில் கோர்பச்சேவுடன் உடன்படிக்கையில் ஒப்பமிட, 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒரு நாடகந்தான் இதனைச் செய்தது என்று கூறின் அது மிகை. அரசியற் காரணங்கள் பல இருந்தன. ஆயினும் அந்த மனச்சோர்வை ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் நீக்கிவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எவரேனும் சொல்வரா? அவ்வுடன்படிக்கையும் 2019-இல் மாண்டுபோயிற்று. 2024 அக்டோபரில் பி.பி.சி. ‘த்ரெட்ஸ்’ நாடகத்தை மீண்டும் ஒளிபரப்பியபோது அது பழங்கதையாக எவர்க்கும் தோன்றவில்லை.

அது வெள்ளையர் கவலை, நமக்கென்ன என்பாரும் உளர். 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் மண் அதிர்ந்தது. 1998 மே மாதத்தில் தெருக்களில் இனிப்பு வழங்கினோம். இராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர் அப்பணியின் முன்னணியில் இருந்தார் என்று நெஞ்சு நிமிர்ந்தோம். பெருமிதம் என்னும் மெய்ப்பாடு அன்று குறைவற நிகழ்ந்தது. அதே மாத இறுதியில் பாகிஸ்தானும் சாகாய் மலையில் வெடித்துக் காட்டிற்று. அப்போதும் அச்சம் என்னும் மெய்ப்பாடு நம் வாசற்படி ஏறவில்லை. மறு ஆண்டே அறிவியலாளர் எம். வி. ரமணா, மும்பையின்மேல் ஹிரோஷிமா அளவிலான குண்டு ஒன்று வெடித்தால் இலட்சக்கணக்கானோர் மடிவர் என்று கணக்கிட்டு எழுதினார். படித்தவர் எத்தனை பேர்? படித்தும் எண்கள் நெஞ்சுக்குள் இறங்குவதில்லை. தாதர் நிலையத்துப் படிக்கட்டும் மாதுங்காவின் பூக்கடைகளும் எரியக் கண்டாலன்றி இலட்சம் என்னும் சொல் வெறும் இலக்கந்தான். எரியக் காட்டுவது நாடகத்தின் தொழில்.

நம் திரைகளுக்குப் போர் தெரியாது என்பதில்லை. 2025 மே மாதத்தில் அணுகுண்டு வைத்திருக்கும் இரு நாடுகள் நான்கு நாள் மோதிக்கொண்டபோது, செய்தி அலைவரிசைகள் சில வான்தாக்குதல் அபாயச் சங்கொலியையே தம் நிகழ்ச்சிகளுக்குப் பின்னணி இசையாக்கின. உண்மையான சங்கு ஊதும்போது மக்கள் பொருட்படுத்தாமற் போய்விடுவர் என்று குடிமைப் பாதுகாப்புத் துறையே தலையிட்டு, நிறுத்துமாறு அறிவுறுத்த நேர்ந்தது. அந்நான்கு நாளும் நம் வீடுகளில் பிள்ளைகள் அதனைப் பார்த்தார்கள். எவரும் உறக்கம் கெடும் என்று தடுக்கவில்லை. குண்டு விழுவதை விளையாட்டுப் போட்டிபோல ஆரவாரித்துக் காட்டினால் குடும்பத்துக்கு உகந்தது. விழுந்தபின் ஒருத்தி தனியே பிள்ளை பெறுவதைக் காட்டினால் அமங்கலம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

சிறு குழந்தைகளுக்கு இந்நாடகங்களைக் காட்டலாகாது. அதில் எதிர்வாதிகளோடு நமக்குப் பிணக்கில்லை. பிறர்க்கு? சங்கத்தின் அரங்கில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடக்கிறது, பழைய திரைப்படங்கள் காட்டப்படுகின்றன, மெல்லிசை இரவு நடக்கிறது. ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமா நினைவாக ஓர் மாலை ‘த்ரெட்ஸ்’ நாடகத்தைக் காட்டுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். உறுப்பினர் ஒருவர் முன்னால் நின்று உரையாடல்களைத் தமிழில் சொல்லட்டும். முடிந்ததும் தலைமையுரை வேண்டா, நன்றியுரை வேண்டா. விரும்புவோர் இருந்து பேசட்டும், மற்றவர் வீடு செல்லட்டும். நாடகம் 112 நிமிடம் ஓடும். இடையில் சிற்றுண்டிக்கு நிறுத்தலாகாது.