பெயருக்குப் பணமா, வேலைக்குப் பணமா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்றால் என்னவென்று தெரியும். அதாங்க, குட்வில். ஒரு கடை முப்பது வருடமாக நல்ல பெயரோடு நடக்கிறது என்பதற்காக, கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு தொகையைப் போட்டு அதைச் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் எழுதிவிட முடியாது. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டுமே ஏட்டில் ஏற்றலாம். தானாக வளர்ந்த பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்கில் வராது.

பெட்டிக்கடைக்குக்கூட பொருந்துகிற இந்த விதி, வருடத்துக்கு 4,500 கோடி டாலருக்கு மேல் புழங்குகிற ஓர் இடத்தில் எடுபடுவதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., மருத்துவ ஆராய்ச்சிக்கு உலகிலேயே மிக அதிகமாகப் பொதுப்பணம் கொடுக்கும் அமைப்பு. அங்கே ஒரு மூத்த விஞ்ஞானி நாலாவது, ஐந்தாவது மானியம் கேட்டு விண்ணப்பம் போடும்போது, அவர் பெயர்தான் முதல் சொத்தாகக் கணக்கில் ஏறுகிறது. இந்தப் பழக்கம் நியாயமும் இல்லை, நல்ல வியாபாரமும் இல்லை.

முதலில் விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அங்கே பரவலாகக் கேட்கப்படும் மானியத்துக்கு ஆர்01 என்று பெயர். பெரும்பாலும் நாலைந்து வருடத்துக்கு. விரிவான பட்ஜெட் இல்லாமல் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவு அதற்கு மேல் தனி. நோக்கங்களை ஒரு பக்கத்திலும் ஆராய்ச்சித் திட்டத்தைப் பன்னிரண்டு பக்கத்துக்குள்ளும் எழுத வேண்டும். அதே துறை விஞ்ஞானிகள் குழு ஒன்று படித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும். நம்ம ஊர் பரீட்சைக்கு நேர் எதிர், அங்கே 1 தான் ஃபர்ஸ்ட் ரேங்க். பின்தங்கிய விண்ணப்பங்களில் பாதி அளவுக்குக் குழுவில் விவாதமே நடக்காது.

2025 ஜனவரி வரை ஐந்து அளவுகோல்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். விஷயத்தின் முக்கியத்துவம், ஆராய்ச்சியாளர், புதுமை, அணுகுமுறை, வேலை நடக்கும் இடம். ஐந்தில் இரண்டு, அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றியதே இல்லை! எழுதியவர் யார், எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பற்றியது.

இப்போது 68 வயதுப் பேராசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் ஏற்கெனவே மூன்று மானியம். லேபில் இருபது பேர். நாலாவதுக்கு விண்ணப்பிக்கிறார். குழுவில் அவரோடு நேரடித் தொடர்பு உள்ளவர்கள் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதி உண்டு. நல்ல விதிதான். ஆனால் அவருடைய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் வெளியே போனால் அறையே காலியாகிவிடும். அதே அடுக்கில், அதே வாரம், முதல் மானியம் கேட்டு 38 வயதுக்காரர் ஒருவரின் விண்ணப்பமும் கிடக்கிறது. இவரைப் பார்த்துக் குழு கேட்பது, "இவரால் முடியுமா?" அவரைப் பார்த்து அந்தக் கேள்வியே எழாது. அவர்தான் ஏற்கெனவே முடித்தவராயிற்றே.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 1983ல் என்.ஐ.எச். மானியம் வாங்கிய முதன்மை ஆராய்ச்சியாளர்களில் 18 சதவீதம் பேர் 36 வயதோ அதற்குக் கீழோ. 2010ல் அது 3 சதவீதம். மறுபக்கம், 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 1980ல் ஒரு சதவீதம்கூட இல்லை. 2010ல் 7 சதவீதம். பிஎச்.டி. முடித்தவர்கள் முதல் ஆர்01 வாங்கும் சராசரி வயது 1980ல் 36 வாக்கில் இருந்தது, பின்னர் 42க்கு ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் 'இளம் விஞ்ஞானி'!

இதற்கு மூத்தவர்களின் பேராசை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். 1994 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு வயது கிடையாது. 1998க்கும் 2003க்கும் நடுவில் என்.ஐ.எச். பட்ஜெட் இரட்டிப்பானது. பல்கலைக்கழகங்கள் புதுக் கட்டடம் கட்டின, புது ஆட்களை எடுத்தன. அதற்குப் பிறகு பணம் அந்த வேகத்தில் வளரவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் பலருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியே மானியத்திலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு மானியத்தோடும் பல்கலைக்கழகத்துக்கு நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கு போகிறது, பல இடங்களில் நேரடிச் செலவில் 50 சதவீதத்தைத் தாண்டி. பெரிய மானியக்காரரை எந்த டீன் வீட்டுக்கு அனுப்புவார்?

சரி, நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2017 மே மாதம் என்.ஐ.எச். ஓர் உச்சவரம்பை அறிவித்தது. ஒவ்வொரு மானியத்துக்கும் புள்ளிகள். ஓர் ஆர்01க்கு 7 புள்ளி. ஒருவருக்கு மொத்தம் 21 புள்ளிதான். அதாவது மூன்று ஆர்01 வரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மானியம் பெறுபவர்களில் 10 சதவீதம் பேர் கையில் 40 சதவீதத்துக்கும் அதிகமான பணம் இருக்கிறது என்று அன்றைய இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ் தரப்பு சொன்னது. வரம்பு தொட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 6 சதவீதம் பேர் மட்டுமே.

அந்த ஆறு சதவீதத்தின் குரல் எவ்வளவு பெரியது தெரியுமா? ஜூன் 8க்குள் திட்டம் கைவிடப்பட்டது. ஐந்து வாரம்! பயிற்சித் திட்டங்களுக்கும் கூட்டு மையங்களுக்கும் புள்ளி போட்டால் கூட்டு முயற்சி கெடும் என்றார்கள். அது நியாயமான புகார், அதைத் திருத்தியிருக்கலாம். நல்ல லேபைத் தண்டிக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். மூன்று மானியம் கொடுப்பதற்குப் பெயர் தண்டனை என்றால் அந்தத் தண்டனைக்கு வரிசையில் நிற்க ஆயிரக்கணக்கானோர் தயார். கடைசியில் வரம்புக்குப் பதிலாக, இளையவர்களுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கும் திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் மேலே இருப்பவர் தட்டை யாரும் தொடவில்லை.

மூத்தவர்கள் தரப்பில் சொல்லப்படும் வாதங்களையும் பார்த்துவிடலாம்.

முதல் வாதம், பெரிய லேபுக்குக் கொடுத்தால்தான் பெரிய பலன். இதை என்.ஐ.எச்.சின் ஒரு பிரிவே சோதித்துப் பார்த்தது. பொது மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் ஜெரமி பெர்க் 2010ல் சுமார் 2,900 ஆராய்ச்சியாளர்களின் பணத்தையும் கட்டுரைகளையும் ஒப்பிட்டார். வருடத்துக்கு 7 லட்சம் டாலர் வாக்கில் வரும் வரை, பணம் ஏற ஏறக் கட்டுரைகளும் ஏறின. அதற்கு மேல் ஏறவில்லை, சற்று இறங்கவும் செய்தது. எகனாமிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். குறைந்து செல் விளைவு விதி. ஒரே வயலில் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் நெல் கூடாது, உரச்செலவுதான் கூடும்.

இரண்டாவது வாதம், வயதுக்கும் சிந்தனைக்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கு நூறு உண்மை. ஜான் குட்இனஃப் லித்தியம் பேட்டரிக்கான கோபால்ட் ஆக்சைடு மின்முனையை 1980ல் கண்டபோது அவருக்கு 57 வயது. ஆலிவர் ஸ்மிதிஸ், மரபணுவைக் குறிபார்த்து மாற்றும் முறையை 1985ல் வெளியிட்டபோது 60. இருவரும் நோபல் வாங்கினார்கள். ஆகவே வயது வரம்பு கேட்பது முட்டாள்தனம். ஆனால் இங்கே கேட்பது வயது வரம்பு இல்லையே! எண்ணிக்கை வரம்பு. 80 வயதில் புது யோசனையோடு வந்தாலும் கொடுங்கள். ஐம்பது வயதில் நாலாவது மானியம் கேட்டாலும் யோசியுங்கள்.

பெயரைப் பார்க்காமல் யோசனையைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு லினஸ் பாலிங் ஓர் உதாரணம். 1954ல் வேதியியல் நோபல், 1962ல் அமைதி நோபல். இதைவிடப் பெரிய பெயர் யாருக்கு இருக்கிறது? அவர் 1970களில் வைட்டமின் சி புற்றுநோயாளிகளுக்கு உதவும் என்று சொல்லி தேசியப் புற்றுநோய் நிறுவனத்திடம் பலமுறை பணம் கேட்டார். திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பிறகு மேயோ கிளினிக் நடத்திய சோதனைகள் 1979லும் 1985லும் வெளிவந்தன. வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சியால் பலன் தெரியவில்லை. அன்று குழு, மனிதரை மதித்துக்கொண்டே விண்ணப்பத்தை மறுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்.

குழுக்கள் எப்போதும் சரியாக முடிவெடுக்கும் என்றில்லை. மரியோ கபெக்கி 1980ல் என்.ஐ.எச்.சிடம் மூன்று திட்டங்களை ஒரே விண்ணப்பத்தில் வைத்தார். இரண்டைப் பாராட்டினார்கள். மூன்றாவதை, பாலூட்டி உயிரணுவில் மரபணுவைக் குறிபார்த்து மாற்றுவதை, தேறாது என்று ஒதுக்கினார்கள். அவர் கிடைத்த பணத்தை அந்த மூன்றாவதில்தான் போட்டார். 2007ல் ஸ்மிதிஸோடு சேர்ந்து நோபல் வாங்கித் தந்தது அந்த மூன்றாவதுதான். பணம் குறைவாக இருக்கும்போது குழுவுக்கு பயம் அதிகம். பயந்தவர்கள் பழைய சரக்கைத்தான் வாங்குவார்கள். பழைய பெயர் என்பது அந்தச் சரக்கின் ஐ.எஸ்.ஐ. முத்திரை.

மூன்றாவது வாதம், திறமை உள்ள இளையவர் எப்படியும் மேலே வந்துவிடுவார். வருவதில்லை. நெதர்லாந்தின் இளம் விஞ்ஞானிகள் மானியத்தை ஆராய்ந்து 2018ல் ஓர் ஆய்வு வந்தது. கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் மேலே நின்று மானியம் பெற்றவர்கள், கொஞ்சம் கீழே நின்று தவறவிட்டவர்களைவிட, அடுத்த எட்டு வருடத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பணம் திரட்டினார்கள். இரு தரப்பின் தகுதியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? தோற்றவர்கள் அடுத்த தடவை விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். முதல் சறுக்கல் திறமையை அளக்கவில்லை, ஆளையே வரிசையிலிருந்து விலக்கிவிட்டது. உள்ளவனுக்கே மேலும் சேரும் இந்தப் போக்கை ராபர்ட் மெர்ட்டன் 1968லேயே 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டு எழுதிவிட்டார்.

பெரிய பெயரின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்பதற்கு இன்னோர் ஆய்வு, 2019ல் வந்தது. நடுவிலேயே இறந்துபோன 452 முன்னணி உயிரியல் விஞ்ஞானிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மறைந்த பிறகு, கூட வேலை செய்தவர்களின் கட்டுரைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் கட்டுரைகள் அதே துறையில் 8 சதவீதம் கூடின, அவற்றில் நன்றாக மேற்கோள் காட்டப்பட்டவையும் நிறைய. மறைந்தவர்கள் யாரையும் கையைப் பிடித்துத் தடுத்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. அவர்கள் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒரு துறைக்குள் புதுக்காற்று வர ஒருவர் சாக வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு அந்த மனிதரிடம் இல்லை, பணம் பிரிக்கும் முறையில் இருக்கிறது.

நாலாவது வாதம்தான் மனதைத் தொடுவது. "என் மானியம் நின்றால் இருபது பேர் நடுத்தெருவில் நிற்பார்கள்." அந்த இருபது பேரில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போன போஸ்ட்டாக் பிள்ளைகளும் இருக்கலாம். அமெரிக்க அரசின் பல பயிற்சி ஃபெல்லோஷிப்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும்தான். அதனால் வெளிநாட்டுப் பிள்ளைகளில் பலருக்குப் பேராசிரியரின் மானியம்தான் சோறு. விசாவும் அந்த வேலையோடு கட்டப்பட்டது. அவர்கள் கதி நிஜமான கவலை. ஆனால் அதே பிள்ளைகள் நாளை சொந்தமாக லேப் தொடங்க விண்ணப்பிக்கும்போது, வரிசையில் முன்னால் நிற்பவர் யார்? அதே பேராசிரியர்! அவர்களைக் காட்டி வாங்கும் பணம், அவர்களுக்கே பிற்பாடு கிடைக்காமல் போகும் பணம். 2025ல் என்.ஐ.எச். ஏராளமான மானியங்களை நடுவிலேயே ரத்து செய்தது. அந்த மாதிரி நேரத்தில் நாலு மானியம் வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் மூன்று மிச்சம். ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு லேபே போச்சு.

2015ல் என்.ஐ.எச். இன்னொரு யோசனையும் சொல்லிப் பார்த்தது. மூத்த விஞ்ஞானிகள் லேபை மூடிவிட்டு, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒரு 'எமரிட்டஸ்' மானியம். வழியனுப்பி வைக்கக்கூடத் தனி மானியமா என்று விஞ்ஞானிகளே பொரிந்து தள்ளினார்கள். அவர்கள் கோபம் சரி. கையில் இருக்கும் மானியத்தின் கடைசி ஒரு வருடத்தை ஒப்படைப்புக்கு என்று வைத்தாலே போதும். எலி வகைகளையும் உயிரணு மாதிரிகளையும் கைமாற்றி, பிள்ளைகளுக்கு வேலை பார்த்துக் கொடுக்க ஒரு வருடம் தாராளம்.

என்ன செய்யலாம்? ஒன்று, 2017ல் கைவிட்ட உச்சவரம்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், கூட்டு மையங்களுக்கும் பயிற்சிக்கும் விலக்கு கொடுத்து. இரண்டு, 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தை யாரும் தளர்த்தக் கூடாது. இப்போது ஆராய்ச்சியாளருக்கும் இடத்துக்கும் தனி மதிப்பெண் கிடையாது, இந்த வேலைக்குப் போதுமா போதாதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். நற்பெயரை ஏட்டிலிருந்து எடுக்கும் முதல் படி அது. ஆனால் விண்ணப்பத்தின் மேல் பெயர் இன்னும் இருக்கிறது, மொத்த மதிப்பெண் போடும் கை அதே கைதான்.

மூன்றாவது மிக எளிது, செலவும் இல்லை. ஏற்கெனவே மூன்று மானியம் வைத்திருந்து நாலாவது கேட்பவர் எவராக இருந்தாலும், விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விக்கு அரைப்பக்கம் பதில் எழுத வேண்டும்: இந்தப் பணம் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும், அதை வேறு யாரும் ஏன் செய்ய முடியாது? அந்த அரைப்பக்கத்தை எழுத முடிந்தவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். எழுத முடியாதவர் கேட்பது ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை, தன் பெயருக்கு வாடகை.