யாரைக் கண்டு சிரித்தார்கள்?

பழைய கல்லூரிகளின் கலகலப்பைப் போற்றி எழுதுவோர் இன்றும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவர் குறும்பு மிக்கவராம், நாவன்மை படைத்தவராம்! இருக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே: அந்தச் சிரிப்பு எவர்மீது பாய்ந்தது?

ஆங்கிலப் பேராசிரியர்முன் அடங்கி ஒடுங்கிய வகுப்பு, தமிழ்ப் புலவர் நுழைந்ததும் ஆர்ப்பரித்தது. அவர் தலைப்பாகை நகைப்பு. அவர் அறியாத ஆங்கிலமோ பெருநகைப்பு! 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு 50 ரூபாய்ச் சம்பளத்தில் வந்த உ.வே. சாமிநாதையருக்கும், சோதனைக்கு ஆளான பின்னரே நாற்காலி உறுதியாயிற்று. ஆனால் 1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வென்ற இருவருள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை என்ன செய்தார்? ஏடு தேடி அலைந்தார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். முதல் பட்டதாரிக்கு நகைப்பாகத் தோன்றாத தமிழ், பின்வந்த அரைகுறைகளுக்கன்றோ நகைப்பாயிற்று!

தருமபுரி உழவன் மகன் அந்தச் சிரிப்பைக் கேட்கவும் வழியில்லை. கேட்பதற்கு வகுப்பில் இடம் வேண்டுமே! சேலம் மாவட்டத்தின் மூலையாய்க் கிடந்த அம்மண் தனி மாவட்டமானது 1965இல். அரசுக் கலைக் கல்லூரி கண்டதும் அவ்வாண்டே. அரூரிலும் பென்னாகரத்திலும் கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்த பிள்ளை இன்று பெருநகர விடுதியை அடைகிறான். அங்கே காத்திருக்கிறது அதே பழஞ்சிரிப்பு: அவன் ஆங்கிலத்தைப் பார், அவன் ஊரைப் பார், அவன் சாதி என்ன? 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் கையைப் பிடிக்கும். உதட்டோர ஏளனத்தை யார் பிடிப்பது?

தோழர்களே, நீங்கள்தாம்! அடுத்த முறை அச்சிரிப்பு எழும்போது, சிரித்தவனை நிறுத்திக் கலித்தொகையில் ஒரு பாட்டுக்குப் பொருள் கேளுங்கள்.