எரிஉலை வேண்டாம், எரிவாயு எடுங்கள்

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை அமைக்கும் எண்ணத்தைச் சென்னை மாநகராட்சி கைவிட வேண்டும். அதற்கான பணத்தையும் இடத்தையும் ஈரக்குப்பையிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலைகளுக்குத் திருப்பிவிட வேண்டும். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று வலியுறுத்தியது இதில் முதல் பாதியை. இரண்டாம் பாதியையும் சேர்த்துப் பேசினால்தான், ‘அப்படியானால் குப்பையை எங்கே கொண்டுபோவது?’ என்று அதிகாரிகள் கேட்கும் நியாயமான கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் வடசென்னையில்தான் இருக்கின்றன. அங்கு மூச்சுவிடும் குழந்தைகளின் தலையில் இன்னொரு புகைபோக்கியை ஏற்றுவது அநீதி.

சென்னையில் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. அதில் ஏறக்குறைய பாதி மட்கும் குப்பை: காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு, கல்யாண மண்டபத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சாப்பாட்டு இலை. காம்பாக்டர் லாரிக்குப் பின்னால் தெருவெல்லாம் சொட்டிக்கொண்டே போகும் அந்த நாற்றத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் குப்பை நெருப்புக்கு ஏற்றதல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தை உலர்த்தவே வெப்பம் செலவாகிவிடும். ஆகவே உலை தொடர்ந்து எரிய பிளாஸ்டிக்கைத்தான் கேட்கும். பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் வரும்.

அதே இலையும் சோறும் காற்றுப்புகாத தொட்டிக்குள் போனால் நுண்ணுயிரிகள் அவற்றைச் செரித்து வாயுவாக்குகின்றன. அதில் 60 விழுக்காடு அளவுக்கு மீத்தேன். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி அழுத்தி அடைத்தால், பஸ்ஸும் லாரியும் ஓட்டும் சிஎன்ஜி கிடைக்கிறது. மிஞ்சுவது உரம். குப்பைமேட்டில் கொட்டிவிட்டால் அந்த மீத்தேன் சும்மா இருப்பதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரம் நாள்கணக்கில் புகையில் திணறியதை யாரும் மறந்திருக்க முடியாது.

இது கனவுத் திட்டமல்ல. இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் ஆலை 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; அதன் எரிவாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆலைக்கான முதலீடு தனியாருடையது. மாநகராட்சி இடம் கொடுத்தது, தரம் பிரித்த குப்பையைக் கொடுத்தது, எரிவாயுவில் ஒரு பங்கைச் சந்தை விலையைவிடக் குறைத்து வாங்கிக்கொள்கிறது. ஆலை நடத்துபவர்கள் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் பணமும் கட்டுகிறார்கள்.

நம்மிடமும் சேத்துப்பட்டில் 100 டன் கொள்ளளவில் ஓர் ஆலை உண்டு. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. பழுதாகி நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. எந்திரம் வாங்குவதோடு நம் ஆர்வம் தீர்ந்துபோகிறது என்பதே கோயம்பேட்டின் பாடம். ஈரக்குப்பையோடு பிளாஸ்டிக் உறையும் கண்ணாடித் துண்டும் கலந்து உள்ளே போனால் எந்த ஆலையும் நிற்கத்தான் செய்யும். எனவே மாநகராட்சி முதலில் பணம் போட வேண்டிய இடம் வீட்டு வாசல். அங்கே பிரித்து வாங்குவதற்கு ஆள், வண்டி, கூலி வேண்டும். இந்தூர் வென்றது அங்கேதான்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் அமர்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். எந்த வீடு பிரித்துக் கொடுக்கும், எந்த வீட்டில் சண்டை போட வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நிலையான வேலையும் ஊதியமும் தராமல் தூய எரிபொருள் பேசுவது நேர்மையாகாது.

பணம் இல்லை என்ற பேச்சை ஏற்பதற்கில்லை. தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்திலும் நாட்டின் நகரங்களுக்குப் போன தொகையில் 64 விழுக்காடு சாலைப் புழுதியை அடக்குவதற்கே செலவானது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குக் காட்டியது. வாகனப் புகைக்கு 13 விழுக்காடுகூட இல்லை. தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும், மாலையில் மறுபடி எழும். டீசல் புகை தண்ணீருக்கு அடங்காது. கடனுக்கும் வழி இருக்கிறது. இந்தூர் மாநகராட்சி 2023-இல் பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டிச் சூரிய மின்நிலையத்துக்கு ஒதுக்கியது. சென்னை மாநகராட்சியும் 2025-இல் பத்திரச் சந்தையில் 200 கோடி திரட்டியது, மழைநீர் வடிகாலுக்காக. அடுத்த பத்திரம் எரிவாயு ஆலைக்காக ஏன் வரக்கூடாது?

விற்பனைக்கும் ஆள் தேட வேண்டாம். எண்ணெய் நிறுவனங்கள் இந்த வாயுவை வாங்கிக்கொள்ளும் மத்திய அரசுத் திட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது. அதைவிட நிச்சயமான வாடிக்கையாளர் மாநகராட்சியேதான். அதன் குப்பை லாரிகளும் ஒப்பந்த நிறுவனங்களின் லாரிகளும் சிஎன்ஜிக்கு மாறட்டும். அம்மா உணவக அடுப்புகளுக்கும் இதே வாயுவைக் கொடுக்கலாம். இனிப் போடும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: டீசல் லாரிக்கு இடமில்லை, எடைக்கு மட்டுமல்லாமல், கலப்பில்லாத ஈரக்குப்பைக்கும் சேர்த்தே பணம்.

மண்டலத்துக்கு ஓர் ஆலை, அதற்கான ஆள்பலம், பராமரிப்புச் செலவு, எரிவாயுவைத் தானே வாங்கும் உறுதி ஆகியவற்றை அடுத்த பட்ஜெட்டில் தனித் தலைப்பிலேயே மேயர் அறிவிக்க வேண்டும். எரிஉலைக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது என்று வடசென்னைக் கவுன்சிலர்கள், எந்தக் கட்சியாயினும், மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும்.