காலடியில் ஒரு கணப்பு

கோடை இரவுகளில் தரையில் நீர் தெளித்து, அந்தக் குளிர்ச்சியில் படுத்துறங்கிப் பழகியவர்கள் நாம். தரையைச் சூடேற்றி அதன்மேல் உறங்கும் மக்களும் உலகில் உண்டு என்றால் நமக்கு வியப்பாகவே இருக்கும். கொரியா நாட்டு இல்லங்களில் பல நூற்றாண்டுகளாக அதுவே வழக்கம். நீரும் உறையும் பனிக்காலம் அவர்களுடையது. தரையிலேயே அமர்ந்து, உண்டு, உறங்கி வாழ்ந்த அம்மக்கள், வெம்மையையும் தரையிலிருந்தே பெற வழி கண்டனர். அம்முறைக்கு 'ஒண்டோல்' என்று பெயர்; 'வெப்பக் கல்' என்பது அதன் பொருள்.

சமையலறை அடுப்பின் அனலும் புகையும், அடுத்த அறையின் கற்பாளத் தரைக்கு அடியில் ஓடி, மறுபுறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். சோறு ஆக்கிய நெருப்பே வீட்டையும் காய்ச்சியது. அடுப்புக்கு அருகிலுள்ள தரையே மிகுந்த சூடுடையது. 'அரென்மோக்' எனப்பட்ட அவ்விடம் வீட்டு முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியது. இரவில் காலந்தாழ்த்தி வரும் தந்தைக்கென ஒரு கிண்ணம் சோற்றையும் போர்வையால் மூடி அங்கேதான் வைத்திருப்பர்.

1950-53 போருக்குப் பின் விறகின் இடத்தை நிலக்கரிக் கட்டிகள் பிடித்தன. அதனால் ஒரு துயரமும் வந்தது. தரையின் வெடிப்புகள் வழியே கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசிந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்நச்சு வாயுவால் உறக்கத்திலேயே உயிர் நீத்தோர் பலர்.

பின்னர் பெருகிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரைக்கு அடியில் புகைக்குப் பதில் வெந்நீர் ஓடலாயிற்று. புதிய வீடு கட்டுவோர் முதலில் வெப்பம் மண்ணுக்குள் இறங்காதபடி தடுப்புப் பலகை பரப்புவர். அதன்மேல் நெகிழ்குழாயைச் சுருள் சுருளாக வளைத்துப் பதித்து, சிமெண்டுக் கலவையால் மூடுவர். ஏறத்தாழ 35 முதல் 45 பாகை வெப்பமுள்ள நீரே போதும். பழைய வீட்டைப் புதுப்பிப்போர், தரைமட்டம் அதிகம் உயராதிருக்க, வரிப்பள்ளமிட்ட மெல்லிய பலகைகளில் குழாயைப் பதிப்பதும் உண்டு. எவ்வகையாயினும் தரையை மூடுமுன் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு உண்டா என்று சோதித்தாக வேண்டும். மூடிய பின் குறை கண்டால் தரையையே உடைக்க நேரிடும்.

இம்முறையில் தரை எங்கும் ஏறக்குறைய ஒரே சூடு. நல்லதுதான், ஆனால் முதியோருக்கென்று இருந்த அரென்மோக் அதனோடு மறைந்தது. முன்பு தரையே காட்டிக் கொடுத்த மரியாதையை இனிப் பிள்ளைகளின் உள்ளமே காட்ட வேண்டும்.

இது கொரியாவின் கதை மட்டுமன்று. நாமும் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுகிறோம். திண்ணை போகிறது, தாத்தாவின் சாய்வு நாற்காலி மாடிப்படியின் அடிக்குப் போகிறது. வழுக்கும் பளிங்குத் தரையில் பாட்டி சுவரைப் பிடித்து நடக்கிறார். வரைபடம் போடும் நாளிலேயே, 'வீட்டில் நல்ல இடம் எது? அது யாருக்கு?' என்று குடும்பமாக அமர்ந்து கேட்போம். நான்காம் கட்டளையைக் கடைப்பிடிக்க அதுவும் ஒரு வழி. பூசிய பின் தரையை உடைப்பது கடினம். பெற்றோர் மறைந்த பின் அவர்களுக்கு இடம் ஒதுக்குவதோ இயலாது.